மாரிக்கு முன் வீட்டில் செய்யவேண்டியவை: வன்னிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

2013இல் வங்கி வேலையில் மாற்றலாகிக் கண்டாவளைப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தபோது, கரண்ட் போனால் சமாளிக்க என்னிடம் இருந்தவை ஒரு பெட்டி மெழுகுதிரியும் ஒரு டோர்ச்சும்தான். கொழும்பில் வளர்ந்தவனுக்குக் கரண்ட் போவது என்றால் லைட் போவது. அந்த வருட மாரியில் ஒருநாள் மாலை கரண்ட் போனது. அடுத்த நாள் காலை குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வளவில் கிணறு இருக்கிறது, மாரியில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் கிணற்று வாய் கொங்கிறீற் தட்டால் மூடியிருந்தது, மோட்டர்க் குழாய் போகும் ஓட்டை மட்டும்தான். வீட்டில் கயிறும் இல்லை, இறைக்கும் வாளியும் இல்லை.

பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துலாவை வெட்டிப்போட்டு மோட்டரைப் பூட்டினாங்கள். இப்ப நீங்கள் வாளியோட ஓடித் திரியிறியள்." துலா என்றால் கிணற்றில் வாளியை இறக்கி ஏற்றும் நீண்ட மரம். பிறகு வாளியும் தந்தார், தேத்தண்ணியும் தந்தார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெரும்பாலான ஊர்கள் 1990 முதல் போர் முடியும் வரை நாட்டின் மின்தொகுப்போடு தொடர்பில்லாமலே இருந்தவை. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட உள்ளே வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் இவர்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மூடியில் ஒரு திரி என்று இரவு முழுவதும் ஒரு வீட்டை ஓட்டியவர்கள். இன்று நாம் கட்டும் வீடுகளோ மோட்டர், மிக்சி, பிரிட்ஜ், வைஃபை எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டிருக்கின்றன. ஆகவே ஆயத்தம் செய்ய உட்காரும்போது சாமான் பட்டியல் எழுதவேண்டாம். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, கரண்ட் நின்றால் எது எது நிற்கும் என்று பாருங்கள். புரட்டாதி முடிவதற்குள் பாருங்கள். ஐப்பசி பிறந்தால் இடியும் மழையும் தொடங்கிவிடும், பிறகு கடைத்தெருவில் தறப்பாள் விலை வேறு.

கரண்ட் எவ்வளவு நேரம் போகும்?

மூன்று வகையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மரம் கம்பியில் விழுந்தோ இடி விழுந்தோ போவது. சில மணி நேரத்தில் வரும், சிலவேளை அடுத்த நாள். இரண்டாவது, நாடு முழுவதற்கும் போவது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். எங்கோ ஒரு குரங்கு, இங்கே நம் தண்ணீர் மோட்டர். 2022 மார்ச் முடிவில் எரிபொருள் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வெட்டியதையும் இந்த வகையில் சேர்க்கலாம். அப்போது காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது புயலும் வெள்ளமும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா நாட்டையே புரட்டியது. 2018 டிசம்பர் 21, 22இல் புயலே இல்லை, மழை மட்டும்தான். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்க, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் தண்ணீரில் நின்றன. இப்படியான நேரத்தில் கரண்ட் மட்டும் போவதில்லை. பாதை போகும், போன் போகும், கடை பூட்டும். குறைந்தது மூன்று நாள் வெளியிலிருந்து எதுவும் வராது என்று கணக்குப் போடுங்கள். ஐந்து நாளுக்கு ஆயத்தமாக இருந்தால் நிம்மதி.

முதலில் தண்ணீர்

உங்கள் கிணற்றில் கரண்ட் இல்லாமல் தண்ணீர் எடுக்க முடியுமா? இதற்கு விடை "முடியாது" என்றால் மற்ற எதையும் வாங்காதீர்கள், இதை முதலில் சரிசெய்யுங்கள். மூடியிருக்கும் கிணற்றுத் தட்டில் ஒரு வாளி போகும் அளவுக்குக் கதவு வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்குப் பூட்டும் வேண்டும். துலா வைக்க இடமில்லாவிட்டால் இரண்டு கட்டையும் ஒரு கப்பியும் போதும். நைலோன் கயிறு கை அறுக்கும், தும்புக் கயிறு நல்லது. ஆனால் மழையில் கிடந்தால் உக்கிவிடும், உள்ளே தொங்கவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரோடு இதைப் பேசித்தான் ஆகவேண்டும். நான் பேசினேன். "மோட்டர் இருக்குத்தானே" என்றார். இரண்டாவது மாரிக்குப் பிறகு அவரே மேசனைக் கூட்டிவந்தார்.

குழாய்க் கிணறு மட்டும் உள்ள வளவு என்றால் நிலைமை வேறு. அதற்குள் வாளி போகாது. பக்கத்தில் கைப்பம்புக் குழாய்க் கிணறோ, திறந்த கிணறுள்ள வீடோ எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவைத்து, அந்த வீட்டுக்காரரோடு முகம் பழகிக்கொள்ளுங்கள்.

மேலே தாங்கி இருந்தால் அது பெரிய பலம். 1000 லீற்றர்த் தாங்கி நிரம்பியிருந்தால், ஐந்து பேர் ஆளுக்கு 40 லீற்றர் வீதம் ஐந்து நாள் ஓட்டலாம். கரண்ட் இல்லாமலே குழாயில் இறங்கும். ஆனால் பெரும்பாலானோர் தாங்கி வற்றியபிறகுதான் மோட்டர் போடுகிறார்கள். மாரி மாதங்களில் இந்தப் பழக்கத்தை மாற்றுங்கள்: ஒவ்வொரு நாள் மாலையும் தாங்கி நிரம்பியிருக்கவேண்டும். வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் அண்டா, குடம், பெரிய வாளி எல்லாவற்றையும் நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று தனியாக, மூடிய கானில் எடுத்துவையுங்கள். ஐந்து பேர், மூன்று நாள் என்றால் 75 லீற்றர், அதாவது நான்கு 20 லீற்றர்க் கான்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தால் பலர் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர், வாங்கித்தான் குடிக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்த இயந்திரமும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போன அடுத்த நாளே அங்கே வெறும் கான்களோடு ஆட்கள் நிற்பார்கள். ஒரு கான் குடிக்கும்போது இன்னொரு கான் நிரம்பி இருக்கட்டும்.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தெளிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். வெள்ளம் வடிந்த கையோடு மிசின் வைத்து இறைக்கவும் அவசரப்படாதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறி நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால், வெளித் தண்ணீர் அழுத்திக் கட்டு உள்ளே சரியும். நிலம் கொஞ்சம் இறுகியபிறகு இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவிக்கவேண்டும். அதுவரை கொதித்தாறிய தண்ணீர். கொதிப்பது என்றால் குமிழி விட்டுப் புரண்டு கொதிக்கவேண்டும், ஆவி வந்தால் போதாது.

அடுப்பும் சாப்பாடும்

மாரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வன்னி நெல் விளையும் பூமி, ஆனால் கார்த்திகை மார்கழியில்தான் வீடுகளில் நெல் குறைவு. காலபோகம் அப்போதுதான் வயலில் நிற்கும், அறுவடை தைக்குப் பிறகு. ஆகவே "ஊரில் அரிசி இல்லாமலா போகும்" என்று இருக்காதீர்கள். ஐப்பசிக்கு முன் ஒரு மாதத்து அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, உப்பு, பால்மா வாங்கிவையுங்கள். மூடி இறுகும் வாளியில் போட்டு, நிலத்தில் வைக்காமல் மேசைக்கு மேல் வையுங்கள்.

சமைக்கவே முடியாத ஒன்றிரண்டு நாளுக்கும் ஏதாவது வேண்டும். அவலும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் கலந்தால் ஒரு வேளை முடிந்தது. வறுத்த மா, பிஸ்கட், புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), டின்மீன். புழுக்கொடியலை நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் முதலில் மரக்கட்டை என்பார்கள், இரண்டாம் நாள் கேட்டு வாங்குவார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் பால்மாவைக் கடைசி நேரத்துக்கு விடவேண்டாம்.

காஸ் சிலிண்டர் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள் என்பதை 2022 நமக்கு வரிசையில் நிறுத்திச் சொல்லித்தந்தது. வளவில் மூன்று கல் வைக்கக் கூரையுள்ள ஒரு மூலையும் காய்ந்த விறகும் இருந்தால் எந்த நாளும் சோறு உண்டு. விறகை ஆவணி புரட்டாதியிலேயே அடுக்கி, மேலே தறப்பாள் போடுங்கள். பக்கத்தை மூடவேண்டாம், காற்றுப் போகட்டும். நெருப்பு மூட்ட ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பன்னாடை (மட்டையடியில் இருக்கும் வலை), காய்ந்த தென்னம்பாளை ஒரு உரப்பையில் கட்டித் தனியே வையுங்கள். மழை நாளில் விறகு இருந்தும் நெருப்புப் பற்றாமல் கண் எரிய உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. நெருப்புப்பெட்டியை மூடி இறுகும் போத்தலில் வையுங்கள்.

மிக்சி இல்லாமல் சமைக்க முடியுமா என்றும் பாருங்கள். கையால் தேங்காய் துருவும் திருவலை, ஒரு அம்மி, அரைத்த மிளகாய்த்தூள். இவ்வளவும் இருந்தால் குழம்பு வரும். பிரிட்ஜைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவேண்டாம். திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் அளவுக்குக் குளிர் பிடிக்கும். நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிரம்பியது ஒரு நாள். எச்சரிக்கை வந்ததும் மீனையும் இறைச்சியையும் முதலில் சமைத்துத் தின்றுவிடுங்கள். வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்தால் ஐஸும் ஆகும், பிறகு குடிக்கவும் ஆகும்.

வெளிச்சம்

இதற்குக் காசு அதிகம் தேவையில்லை. சார்ஜ் செய்யும் எல்.இ.டி. லைட் இரண்டு, தலையில் கட்டும் டோர்ச் ஒன்று, பற்றரி போடும் டோர்ச் ஒன்று. தலையில் கட்டுவது ஏன் என்றால், இருட்டில் வாளி இறைக்க இரண்டு கையும் வேண்டும். மெழுகுதிரியையும் குப்பி விளக்கையும் நுளம்பு வலைக்குப் பக்கத்தில், கிடுகுக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது. மண்ணெண்ணெயில் பெற்றோலைக் கலக்காதீர்கள், பெற்றோல் இருந்த கானில் மண்ணெண்ணெயும் வாங்காதீர்கள். ஜாம் போத்தல் விளக்கு நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனால் அது வேறு வழியில்லாத காலத்தில் உருவானது.

கரண்ட் போனதும் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, முன் விறாந்தை லைட் ஒன்றின் சுவிட்சைப் போட்டே விடுங்கள். கரண்ட் வந்தால் அது சொல்லும்.

சோலார், பற்றரி, ஜெனரேற்றர்

புதிதாக வருபவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து காசோடு திரும்புபவர்கள், ஏமாறும் இடம் இதுதான். கூரை முழுக்கச் சோலார் தட்டுப் போட்டு, மிஞ்சிய மின்சாரத்தை மின்தொகுப்புக்கு விற்கும் இணைப்பு எடுத்திருப்பார்கள். கரண்ட் போனதும் அவர்கள் வீடும் சேர்ந்து இருளும். நடுப்பகல், வெயில் கொளுத்தும், தட்டுக்கள் மினுங்கும், உள்ளே மின்விசிறி சுற்றாது. பழுது ஒன்றும் இல்லை. கம்பியில் கரண்ட் இல்லாதபோது அந்த இன்வேட்டர் தானாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பம் ஏறித் திருத்தும் ஊழியரைக் கொன்றுவிடும். பளையில் நிற்கும் பெரிய காற்றாடிகள்கூட மின்தொகுப்பு உயிரோடு இருந்தால்தான் நமக்கு உதவும். ஆகவே சோலார் போடமுன் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: "கம்பியில் கரண்ட் இல்லாத நேரம் என் வீட்டில் எது வேலை செய்யும்?" பற்றரியோடு சேர்ந்த இணைப்பு என்றால் வேலை செய்யும், விலை கூட.

சாதாரணக் குடும்பத்துக்குச் சிறிய ஏற்பாடு போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் ஈயப் பற்றரி ஒன்றில் 1200 வாட்-அவர் இருக்கும். அதைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் பற்றரி சீக்கிரம் செத்துப்போகும், ஆக 600. ஒன்பது வாட் பல்ப் நான்கு, 50 வாட் மின்விசிறி ஒன்று, மொத்தம் 86 வாட். இன்வேட்டர் தின்பதையும் கழித்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரவைக் கழிக்கலாம். இதில் கேத்தலைச் சொருகினால் அவ்வளவுதான். இன்னும் மலிவாக, ஒரு சிறிய சோலார்த் தட்டும் மோட்டார் சைக்கிள் பற்றரியும் 12 வோல்ட் பல்ப் இரண்டும் போன் சார்ஜரும் சேர்த்தால், மழை மூட்டத்திலும் அன்றாடத் தேவை நடக்கும். தோட்டக் கொட்டில்களில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

ஜெனரேற்றர் வாங்குவதானால் இரண்டு சாவு அதற்குள் இருக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். ஒன்று புகை. மழை நனைக்கும் என்று விறாந்தையிலோ குசினியிலோ வைத்து ஓடவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். வீட்டிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, யன்னல் இல்லாத பக்கமாகத் தனியாக ஒரு சின்னக் கூரை போடுங்கள். மற்றது, இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் ஒன்றைச் செய்து சுவர்ப் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுவது. பலர் இதைச் செய்கிறார்கள், "மெயினை ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே" என்கிறார்கள். ஒருநாள் மறந்தால் கம்பத்தில் நிற்பவர் சாவார். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுவியுங்கள், வெளிக் கம்பியும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேரமுடியாதபடி அது பார்த்துக்கொள்ளும். மோட்டர் தொடங்கும்போது அதன் சாதாரண அளவைவிடப் பல மடங்கு இழுக்கும், அதைக் கணக்கில் எடுத்து ஜெனரேற்றரின் அளவைத் தெரிவுசெய்யுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் காசில் முதலில் கிணற்றுக்குக் கப்பி.

போனும் செய்தியும்

போன் கோபுரங்களுக்கும் பற்றரிதான். சில மணி நேரம் தாங்கும், பிறகு சிக்னல் போகும். ஆகவே உங்கள் போனில் சார்ஜ் இருப்பது மட்டும் போதாது. கரண்ட் போனவுடன் டேட்டாவை நிறுத்தி, சொல்லவேண்டியதைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அழைப்புப் போகாத இடத்திலும் அது சிலவேளை போய்ச் சேரும். பவர் பாங்க் ஒன்று எப்போதும் நிரம்பி இருக்கட்டும். உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எதிலும் போன் சார்ஜ் ஏற்றும் சிறு பிளக் இப்போது கிடைக்கிறது. பற்றரி ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். போன் செத்தபிறகும் அது பேசும்.

எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: மின்தடை முறைப்பாடு 1987, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அவசர அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. மின்பட்டியலில் உள்ள கணக்கிலக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள், 1987இல் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எண்களைவிட முக்கியமான ஆள் உங்கள் கிராம அலுவலர். ஊரில் வயதானவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். வாடகைக்கு வந்தவர்கள் பலர் அவரிடம் பதிவதே இல்லை. பிறகு வெள்ளம் வந்து உலர் உணவு கொடுக்கும்போது பட்டியலில் பெயர் இல்லை என்று சண்டை. வந்த மாதமே போய்ப் பதியுங்கள். போன கையோடு மூன்று விடயம் கேளுங்கள்: இந்தக் காணிக்குள் முன்னர் எதுவரை தண்ணீர் ஏறியது, எந்தக் குளத்துத் தண்ணீர் இங்கே வரும், இடம்பெயர வேண்டிவந்தால் எந்தப் பள்ளிக்கூடம். இரணைமடுவின் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு வடகிழக்காகப் போய்ச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேர்கிறது. அந்த வழியில் நீங்கள் இருந்தால், உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் வெள்ளம் வரலாம். "குளம் வான் பாயுது" என்று யாராவது சொன்னால் குளம் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், அது வேடிக்கை பார்க்கப் போகும் அழைப்பு அல்ல.

நோயாளர், கர்ப்பிணி, பாம்பு

கிளினிக் குளிசைகள் முடிகிற நாளையும் மழை நாளையும் ஒன்றாகச் சேரவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் நிலைமையைச் சொல்லிக் கொஞ்சம் முன்கூட்டியே எடுங்கள். இன்சுலின் திறக்காதது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். பாவனையில் உள்ளதைப் பெரும்பாலும் நான்கு வாரம் அளவுக்கு வெளியே, வெயில் படாமல் வைத்திருக்கலாம், ஆனால் உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேட்டுப் போத்தலில் எழுதுங்கள். மண்பானைக்குள் இன்னொரு சிறு பானை, இடையில் ஈரமணல் என்ற பழைய முறை சோழகம் வீசும் காய்ந்த மாதங்களில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, அதை நம்பவேண்டாம். அப்போது ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி, இன்சுலின் நேரே ஐஸில் படாமல் பெட்டியில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினை எறியத்தான் வேண்டும்.

ஒட்சிசன் இயந்திரம், நெபுலைசர் பாவிப்பவர்கள் கரண்ட் போனபிறகு யோசிக்கமுடியாது. வைத்தியசாலையில் முன்பே பேசி, எச்சரிக்கை வந்ததும் போய்விடுங்கள். நாள் கிட்டிய கர்ப்பிணியைப் பாதை திறந்திருக்கும்போதே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வைத்தியசாலைக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் இதை எத்தனையோ தரம் சொல்வார், நாம்தான் நல்ல நாள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

வெள்ளம் என்றால் பாம்பும் வீட்டுக்கு ஏறும். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட விரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பலருக்குக் கடித்ததே தெரியாது. இருட்டு நாட்களில் கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகுங்கள், டோர்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்காதீர்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து நேரே வைத்தியசாலைக்கு. வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் டெங்கு மட்டும் என்று நினைக்காமல் எலிக்காய்ச்சலையும் நினையுங்கள். சேற்றில் நின்றதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

வெளியே இருக்கும் ஆபத்துகள்

அறுந்து விழுந்த கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள், கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும். அது எந்த நிமிடமும் வரும். வயல் ஓரம் பன்றிக்கென்று களவாகக் கரண்ட் கம்பி இழுத்தவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போன இரவில் அந்தப் பக்கம் குறுக்கு வழி போனவர் திரும்பி வரும்போது அதில் உயிர் ஏறியிருக்கலாம்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போல இருந்தால், பிளக்குகள் நனையுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் அதைத் தொடவேண்டாம்.

வன்னிக்கே உரிய இன்னொன்று: வெள்ளம் மண்ணை அரிக்கும்போது போர்க்காலத்தில் புதைந்தவை வெளியே வரும், இடமும் மாறும். மிதிவெடி அகற்றிய காணிக்குள்ளும் மேலிருந்து அடித்து வரலாம். சேற்றில் பழைய இரும்பு, விளங்காத பிளாஸ்டிக் உருண்டை, வயர் எது கண்டாலும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்தாமல், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் மாதிரிக் காட்டோரம் இருப்பவர்கள் நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். யானை அந்த வாசத்துக்குத்தான் சுவரை இடிக்கிறது.

மாடு ஆடு வைத்திருப்பவர்கள் வெள்ள எச்சரிக்கை வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள், அல்லது மேட்டுக்குக் கொண்டுபோங்கள். 2022 டிசம்பரில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரிலேயே விழுந்து செத்தன. காற்று மறைப்புக்கு ஒரு பக்கமாவது தறப்பாள் கட்டி, கன்றுகளுக்குச் சாக்கு போர்த்துங்கள்.

பையும் பணமும்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது பெர்மிட், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி. எல்லாம் ஒரே பொலித்தீன் பைக்குள், வாயைக் கட்டி, எடுத்து ஓடக்கூடிய இடத்தில். போனில் படமும் எடுத்து வெளியூரில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டால் இதற்கு நான் ஒரு பந்தி மட்டும் எழுதியது போதாது என்பார்கள். ஏ.டி.எம். வேலை செய்யாது, ஆகவே சில நாளுக்குத் தேவையான பணத்தைச் சில்லறை நோட்டாக வையுங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளுக்கு வெள்ள நாளில் எந்தக் கடையிலும் மிச்சக் காசு கிடைக்காது. வங்கிக்காரன் சொல்கிறேன்.

ஒரு இரவு ஒத்திகை

எல்லாம் வாங்கிவைத்தபிறகு, மழை தொடங்கமுன் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஞாயிறு காலை வரை போடாதீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் முகம் சுருங்கும், பிறகு அவர்களுக்குத்தான் அதிக சந்தோசம். என்ன இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். எங்கள் வீட்டில் முதல் முறை தெரிந்தவை: டின்மீன் ஐந்து இருந்தது, டின் வெட்டும் கத்தி இல்லை. டோர்ச் எங்கே என்று டோர்ச் இல்லாமல் தேடினோம். ரேடியோவுக்குள் இருந்த பற்றரி பூத்துப்போய்க் கம்பியைத் தின்றிருந்தது. என் மனைவிக்கு வாளி இறைக்க வந்தது, எனக்கு வரவில்லை. வாளி தண்ணீரில் கவிழாமல் மிதந்துகொண்டே நின்றது. கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டவேண்டும் என்று வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது.

காலையில் மெயினைப் போட்டதும் பிரிட்ஜையும் மோட்டரையும் உடனே போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். உண்மையில் கரண்ட் வரும் நாளிலும் அப்படித்தான். முதல் கொஞ்ச நேரம் அது கூடிக் குறைந்து வரும், அதில் எரிந்த மோட்டருக்குச் சுருள் சுற்றக் கொடுத்துவிட்டு நான் கடையில் காத்திருந்திருக்கிறேன்.